மலைப்பள்ளியில் நீர்ச் சுத்திகரிப்பைக் கற்பித்தல்: நடுநிலை வகுப்பு ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஓடையிலும் அணையிலும் கலங்கிக் கிடக்கும் நீர் எந்தெந்தப் படிகளைக் கடந்து வீட்டுக் குழாய்க்கு வருகிறது என்பதை ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குச் செய்துகாட்டிக் கற்பிக்க விரும்பும் நீலகிரி ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடம் மணல் வடிகட்டியில் தொடங்கி மணல் வடிகட்டியிலேயே முடிந்துவிடுகிறது. வடிகட்டிக்கு முன்னால் என்ன நடக்க வேண்டும், பின்னால் என்ன நடக்க வேண்டும், அந்த வரிசை ஏன் மாறக் கூடாது என்பவற்றை மாணவர் கண்ணால் கண்டாலொழிய, அவருக்குப் பாடம் பாதிதான் சென்று சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சமவெளிப் பள்ளிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செய்முறைகள் இங்கே அப்படியே பலிப்பதில்லை. நம் நீரில் கரைந்த உப்புகள் குறைவு, நம் வகுப்பறைகள் குளிர்ந்தவை, நாம் இருக்கும் உயரமும் அதிகம். இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு படியில் குறுக்கிடும். அந்தந்த இடத்தில் அதைச் சொல்கிறேன்.

1. முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டியவை

ஒரு குழுவுக்கு ஐந்து மாணவர் என்று கொண்டால், குழுவுக்கு அரை லிட்டர் கொள்ளும் ஆறு கண்ணாடிக் குவளைகளோ ஒரே அளவான ஊறுகாய்ப் புட்டிகளோ வேண்டும். ஊசி கழற்றிய 5 மி.லி. சிரிஞ்சு, நீண்ட கரண்டி, கைக்கடிகாரம், பி.எச். தாள், சிறு டார்ச் விளக்கு, கறுப்புத் துணி ஆகியவையும் தேவை. படிகாரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு போதுமானது.

வடிகட்டிக்குத் தண்ணீர் பாட்டிலை வெட்டிக்கொள்ளச் சொல்லும் செய்முறையை இங்கே பின்பற்ற வேண்டாம். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால், பாடத்துக்காக அவற்றைத் தேடிக் கொண்டுவரச் செய்வது தவறான பழக்கத்தை ஏற்படுத்தும். வீட்டில் காலியான சமையல் எண்ணெய் கேன் ஒளி ஊடுருவக் கூடியதாக இருந்தால் அதுவே போதும். வெந்நீரும் சோப்பும் விட்டு எண்ணெய்ப் பசை முழுவதும் போகும்வரை கழுவ வேண்டும். பசை எஞ்சியிருந்தால் மணலில் நீர் ஒட்டாமல் சுவரோரமாக வழிந்து இறங்கிவிடும்.

மணலை முந்தின நாளே கழுவி வைப்பது நல்லது. கட்டுமான வேலைக்கு வாங்கும் எம்-சாண்டில் கல்தூள் மிகுதியாக இருக்கும். வாளியில் இட்டு, நீர் ஊற்றிக் கலக்கி, மேல்நீரைக் கொட்டி, மறுபடியும் ஊற்றி, கலக்கிய நீர் தெளிவாக நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். கழுவாத மணலால் கட்டிய வடிகட்டி, ஊற்றிய நீரைவிடக் கலங்கலான நீரையே வெளியே விடும். வடிகட்டுதலே பொய் என்று மாணவர் நினைத்துவிடுவர்.

2. நீர் வரும் வழியைக் கேட்டறிதல்

முதல் பாடவேளையின் தொடக்கத்தில், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு நீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லட்டும். உதகைக்குப் பார்சன்ஸ் வேலி அணையும், குன்னூருக்கு ரேலியா அணையும், கோத்தகிரிக்கு ஈளாடா தடுப்பணையும் முக்கியமான நீராதாரங்கள். ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான எஸ்டேட் லயன்களிலும் இருந்து வரும் மாணவர்களில் சிலர் ஊற்றையோ ஓடையையோ சொல்வார்கள். குழாய் நீர் சில படிகளைக் கடந்து வருகிறது, ஊற்று நீர் பல வீடுகளில் எந்தப் படியையும் கடக்காமலே வருகிறது என்ற வேறுபாடு அப்போதே கரும்பலகையில் எழுதப்பட்டுவிட வேண்டும். பின்னால் கிருமி நீக்கம் பற்றிப் பேசும்போது அது கைகொடுக்கும்.

3. கலங்கல் நீரைத் தயாரித்தல்

புதிதாகச் செய்பவர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான். ஒரு கைப்பிடி மண்ணை நீரில் கரைத்து, உடனே படிகாரம் போட்டுக் காட்டுவார்கள். கனமான மண் படிகாரம் இல்லாமலே சில நிமிடங்களில் அடியில் தங்கிவிடும் என்பதால், படிகாரம் போட்ட குவளையும் போடாத குவளையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். மாணவருக்குப் படிகாரத்தின் பணி விளங்காமல் போய்விடும்.

ஆகவே தேயிலைச் சரிவிலோ பள்ளித் தோட்டத்திலோ உள்ள செம்மண்ணை ஒரு வாளி நீரில் நன்றாகக் கரைத்து, பத்து முதல் பதினைந்து நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். பிறகு அடிமண் கலங்காதபடி மேலே நிற்கும் செந்நிற நீரை மட்டும் வேறு வாளிக்கு மாற்ற வேண்டும். இந்த நீரில் எஞ்சியிருப்பவை மிக நுண்ணிய களிமண் துகள்கள். இதை இரவு முழுவதும் வைத்தாலும் கலங்கல் தீராது. ஒரு குவளையை அப்படியே வகுப்பு அலமாரியில் வைத்து மறுநாள் காட்டினால், படியவைத்தல் மட்டும் ஏன் போதாது என்பதை விளக்க வேறு சொல்லே தேவைப்படாது.

துகள்கள் ஏன் படிவதில்லை என்று மாணவர் கட்டாயம் கேட்பார்கள். களிமண் துகள்களின் புறப்பரப்பில் எதிர்மின்சுமை இருக்கிறது. ஒரே வகை மின்சுமை உடையவை ஒன்றையொன்று விலக்குவதால் அவை சேர்ந்து கனம் கூடுவதில்லை என்ற அளவில் சொன்னால் ஏழாம் வகுப்புக்குப் போதும்.

4. படிகாரக் குவளை வரிசை

10 கிராம் படிகாரத்தைத் தூளாக்கி, வெதுவெதுப்பான நீரில் கரைத்து, ஒரு லிட்டர் ஆக்கிக்கொள்ள வேண்டும். கட்டியாகப் போட்டால் நம் குழாய் நீரின் குளிர்ச்சியில் அது கரைய நெடுநேரம் ஆகும். இந்தக் கரைசலின் 1 மி.லி.யை அரை லிட்டர் நீரில் சேர்த்தால், லிட்டருக்கு 20 மில்லிகிராம் படிகாரம் சேர்ந்ததாகக் கணக்கு. இந்தக் கணக்கை மாணவரே போடட்டும். எட்டாம் வகுப்பு மாணவருக்கு இது நல்ல பயிற்சி.

ஆறு குவளைகளிலும் அரை லிட்டர் கலங்கல் நீர் ஊற்றி, முதல் குவளையை எதுவும் சேர்க்காமல் விட்டு, மற்றவற்றில் முறையே 0.5, 1, 2, 3, 5 மி.லி. கரைசல் சேர்க்க வேண்டும். குவளையின் மேல் அளவை எழுதிய பின்னரே சேர்க்க வேண்டும். பின்னால் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் வரிசை குழம்பிவிடும்.

சேர்த்தவுடன் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும். படிகாரம் நீர் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதற்கு இது அவசியம். அதன் பிறகு பத்து முதல் பதினைந்து நிமிடம் மிக மெதுவாக, இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்ற அளவில் கலக்க வேண்டும். மின்சுமை நீங்கிய துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ள இந்த மெதுவான அசைவுதான் வாய்ப்பளிக்கிறது. ஆர்வமிக்க மாணவர் கடைசிவரை வேகமாகவே கலக்குவார். உருவாகும் திரள்கள் உடைந்துபோய் அந்தக் குவளை தெளியாது. ஒரு குழுவை வேண்டுமென்றே அப்படிச் செய்யவிட்டு ஒப்பிடுவதும் பயன்தரும்.

குவளைக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு நீருக்குள் வெளிறிய செந்நிறப் புள்ளிகள் தோன்றி, மெல்ல மெல்லப் பஞ்சுத் துணுக்குகள்போல் திரண்டு, சுழற்சியோடு மிதந்து, கலக்குவதை நிறுத்தியதும் நேராக இறங்கத் தொடங்கும். திரளுக்கும் திரளுக்கும் இடையில் உள்ள நீர் தெளிந்திருப்பதை மாணவர் கவனிக்க வேண்டும். பாடம் முழுவதிலும் மிகவும் மதிப்புள்ள நிமிடங்கள் இவை. எந்தக் காரணம் கொண்டும் இவற்றைச் சுருக்காதீர்கள்.

அரைமணி நேரம் படியவிட்டு, குவளைக்கு அடியில் அச்செழுத்துத் தாளை வைத்து மேலிருந்து படிக்கச் சொன்னால், எந்த அளவு சிறந்தது என்று மாணவரே தீர்மானித்துவிடுவர். மிகக் குறைந்த அளவும் பயன்தராது, மிகக் கூடிய அளவும் எப்போதும் நல்ல பலன் தராது என்பது வரிசையைப் பார்த்தாலே தெரியும். சுத்திகரிப்பு நிலையங்களிலும் மழைக்காலத்தில் கலங்கல் கூடும்போது இதே போன்ற சோதனையைச் செய்துதான் படிகாரத்தின் அளவை மாற்றுகிறார்கள்.

கலக்கவும் படியவும் ஒரு மணி நேரத்தை நெருங்குவதால், ஒற்றைப் பாடவேளையில் இது முடியாது. இரட்டைப் பாடவேளை கேட்டுப் பெறுங்கள், அல்லது மதிய உணவு இடைவேளைக்கு முன்னால் தொடங்குங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலைகளில் திரள் உருவாக இன்னும் கூடுதல் நேரம் பிடிக்கும். வாளி நீரை வகுப்பறைக்குள் கொண்டுவந்து குளிர் தணியவிட்டுத் தொடங்குவது நலம்.

5. படிகாரம் போட்டும் திரளாவிட்டால்

மலையில் அடிக்கடி நேரும் சிக்கல் இது. படிகாரம் நீரில் உள்ள பைகார்பனேட்டோடு வினைபுரிந்தால்தான் ஒட்டும் தன்மையுள்ள அலுமினியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். மழைநீரிலும் சோலையிலிருந்து இறங்கும் ஓடை நீரிலும் அந்தக் காரத்தன்மை மிகக் குறைவு. அதனால் படிகாரம் நீரை அமிலமாக்கிவிட்டு, திரளை உண்டாக்காமலே நின்றுவிடுகிறது. படிகாரம் போதவில்லை என்று கருதி மேலும் மேலும் ஊற்றுவது வழக்கமான பிழை; அதனால் நிலைமை மோசமாகும்.

பி.எச். தாளால் சோதித்தால் உண்மை வெளிப்படும். தாள் 5ஐ ஒட்டிக் காட்டினால் சுண்ணாம்புத் தெளிநீர் தேவை. ஒரு தேக்கரண்டிச் சுண்ணாம்பை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, மூடி, இரவு முழுவதும் வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதில் 2 மி.லி.யை அரை லிட்டர் கலங்கல் நீரில் முதலில் சேர்த்து, பிறகு படிகாரம் சேர்த்து, தாள் 6.5க்கும் 7.5க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் இந்தத் தெளிநீரை ஆசிரியரே சிரிஞ்சால் எடுத்துத் தர வேண்டும்.

சுண்ணாம்பு சேர்த்த குவளையையும் சேர்க்காத குவளையையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். வேதிவினை என்ற சொல்லை மாணவர் முதன்முறையாகப் பொருளோடு உணர்வது பெரும்பாலும் இங்கேதான்.

தேற்றாங்கொட்டையைக் கல்லில் உரைத்து அந்த விழுதை ஒரு தனிக் குவளையில் கலந்து பார்ப்பதற்கும் இது நல்ல தருணம். படிகாரத்தைப் போல அது நீரின் காரத்தன்மையைச் செலவழிப்பதில்லை. ஆனால் விதையிலிருந்து கரையும் பொருள் நீரிலேயே தங்குவதால், அப்படித் தெளிவித்த நீரை நாள்கணக்கில் சேமித்து வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6. தெளிய வைத்து இறுத்தல்

ஆறாம் வகுப்பிலேயே படித்த முறை என்பதால் இதற்கு அதிக நேரம் தேவையில்லை. அடிப்படிவைக் கிளறாமல் மேல்நீரை மெல்லச் சாய்த்து எடுத்தால் போதும். படிவோடு சேர்த்து ஊற்றினால் அடுத்த படியில் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும்.

7. மணல் வடிகட்டி: ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

எண்ணெய் கேனின் அடிப்பாகத்தை வெட்டி, கவிழ்த்து நிறுத்தி, மூடியில் துளையிட்டுக்கொள்ள வேண்டும். வாயில் மெல்லிய துணி, அதன் மேல் பெரிய கூழாங்கல், அதன் மேல் சிறு கல், எல்லாவற்றுக்கும் மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மணல் என்பது வரிசை. பெரிய கல் மேலே இருக்க வேண்டும் என்று மாணவர் வாதிடுவார்கள். பெரிய குப்பையைப் பெரிய கல் தடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. இங்கே வடிகட்டும் வேலையைச் செய்வது மணல். கல்லின் பணி மணல் வாய்வழியே ஒழுகிவிடாமல் தாங்குவதும், வடிந்த நீருக்கு வழிவிடுவதும் ஆகும். தலைகீழாக அடுக்கினால் மணல் முழுவதும் நீரோடு வெளியே வந்துவிடும்.

முதலில் ஒரு லிட்டர் நல்ல நீரை ஊற்றி, வெளிவருவதைக் கொட்டிவிட வேண்டும். நீரை மணலின் மேல் நேராக ஊற்றாமல், மணல்மேல் ஒரு சிறு தட்டையோ கரண்டியையோ வைத்து அதன் மேல் ஊற்றினால் பள்ளம் விழாது. பள்ளம் விழுந்த இடத்தின் வழியாகவே நீரெல்லாம் குறுக்கே ஓடிவிடும்.

இப்போது ஒரே மாதிரியான இரண்டு வடிகட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படிகாரம் போடாத கலங்கல் நீரையும், மற்றதில் திரண்டு படிந்து இறுத்தெடுத்த நீரையும் ஊற்றுங்கள். முதலாவதன் அடியில் வரும் நீர் செந்நிறம் மாறாமல் வரும், ஏனெனில் தனித்தனியான களிமண் துகள்கள் மணலின் இடுக்குகளைவிட மிகச் சிறியவை. அவை நழுவிச் சென்றுவிடுகின்றன. இரண்டாவதில் எஞ்சிய திரள்கள் மணலில் சிக்கிக்கொள்வதால் நீர் தெளிந்து வரும். வடிகட்டியின் திறன் அதற்கு முந்தைய படியைச் சார்ந்தது என்று இதைவிடத் தெளிவாகக் காட்ட வழியில்லை. ஒரே ஒரு வடிகட்டியை மட்டும் செய்துகாட்டும் வகுப்பு இந்த உண்மையை முழுவதுமாகத் தவறவிடுகிறது.

கரியை இந்த அடுக்கில் சேர்க்காமல் தனியாகக் காட்டுங்கள். மிகவும் நீர்த்த தேயிலைச் சாயத்தை மணலில் ஊற்றினால் நிறம் மாறாமல் வெளிவரும்; அது கரைந்த நிறம், மிதக்கும் துகளன்று. தூளாக்கிக் கழுவிய கரியில் ஊற்றினால் நிறம் ஓரளவு குறையும், மருந்துக் கடையில் கிடைக்கும் கிளர்வூட்டிய கரியில் நன்றாகவே குறையும். கரி கிருமிகளைக் கொல்வதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

8. தெளிந்த நீரைக் குடிக்கக் கூடாது

வடிந்த நீர் கண்ணாடிபோல் மின்னும்போது யாரேனும் ஒரு மாணவர் குடித்துப் பார்க்கலாமா என்று கேட்பார். வகுப்பு தொடங்கும்போதே, எந்தக் குவளை நீரும் வாயில் படக் கூடாது என்ற விதியை உறுதியாக அறிவித்திருக்க வேண்டும்.

காரணத்தைக் காட்ட எளிய வழி உண்டு. கலங்கல் நீர் தயாரிக்கும்போதே அதில் இரண்டு கரண்டி உப்பை மாணவர் அறியாமல் கலந்துவிடுங்கள். வடிந்து தெளிந்த நீரில், கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். அளவியை வைத்தால் எண் எகிறி நிற்கும்; நம் குழாய் நீரில் அது மிகக் குறைவாகவே காட்டும் என்பதால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அளவி இல்லையென்றால் எவர்சில்வர் தட்டில் சில சொட்டுகளை ஆவியாக்கினால் வெள்ளைத் தடம் எஞ்சும். கண்ணுக்குத் தெரியாதது ஒன்று எல்லாப் படிகளையும் தாண்டி வந்திருக்கிறது என்று மாணவர் ஏற்ற பிறகே கிருமிகளைப் பற்றிப் பேசுங்கள். டி.டி.எஸ். எண் கிருமியைக் காட்டாது என்பதையும் தவறாமல் சொல்லுங்கள். உப்பு குறைந்த மலைநீருக்கு ஆர்.ஓ. இயந்திரம் வாங்கி, நீரில் ஒரு பகுதியை வீணாக்கும் வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும்.

9. குளோரின் ஏன் கடைசியில் வருகிறது

பிளீச்சிங் பவுடரை நடுநிலை வகுப்பு மாணவர் கையில் கொடுக்கவே கூடாது. அமிலத்தோடு சேர்ந்தால் அது நச்சு வாயுவை வெளியிடும். அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் ஓரிரு துணுக்குகளை ஆசிரியர் நீரில் கரைத்து வெளிர் ஊதாக் கரைசல் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளலாம். ஒரே அளவான இரண்டு குவளைகளில் அதை ஊற்றி, ஒன்றில் ஒரு கரண்டித் தெளிந்த நீரையும் மற்றதில் ஒரு கரண்டித் தேயிலைச் சாயத்தையும் விடுங்கள். சாயம் விட்டதில் ஊதா நிறம் விரைவாக மறைந்து பழுப்பாகிவிடும். மற்றது நிறம் மாறாமல் நிற்கும்.

குளோரினும் இப்படித்தான் நீரில் உள்ள கரிமப் பொருள்களோடு வினைபுரிந்து செலவாகிவிடுகிறது. அழுக்கு நீரில் முதலிலேயே சேர்த்தால் கிருமிகளுக்கு மிஞ்சாது. துகளுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை எட்டவும் முடியாது. தெளிவித்து வடிகட்டிய பின் சேர்த்து, அரைமணி நேரமாவது விட்டுவைத்தால்தான் அது தன் வேலையைச் செய்யும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 10500 எண் தரத்தின்படி, குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சரிவுகளில் நெடுந்தூரம் வரும் குழாயில் வழியில் அழுக்குப் புகுந்தாலும் அதை எதிர்கொள்வதற்கே இந்த எச்சம். குளோரின் இருப்பைக் காட்டும் டி.பி.டி. மாத்திரையைப் போட்டு இளஞ்சிவப்பு தோன்றுகிறதா என்று பள்ளிக் குழாய் நீரைச் சோதிக்கலாம். அதே சோதனைக்கு மஞ்சள் நிறம் காட்டும் ஆர்த்தோடாலிடின் கரைசல் நச்சுத்தன்மை உள்ளது. அதை மாணவரிடம் தர வேண்டாம்.

10. கொதிக்கவைத்தல்

உதகை ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 92, 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 டிகிரியை ஒட்டியும், கூடலூரில் 96, 97 டிகிரியிலும் கொதிக்கும். ஆசிரியர் கொதிக்கவைத்து வெப்பமானியைக் காட்டும்போது, கருவி பழுது என்றே மாணவர் முதலில் சொல்வார்கள். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் என்பதை அங்கேயே விளக்கலாம். இந்த வெப்பமும் நோய்க்கிருமிகளைக் கொல்லப் போதுமானதே. ஆனாலும் 2000 மீட்டருக்கு மேல் வாழ்பவர்கள், குமிழ்கள் பொங்கத் தொடங்கிய பிறகு மூன்று நிமிடம் கொதிக்கவிடுவதே பரிந்துரைக்கப்படும் முறை. ஊற்று நீர் குடிக்கும் வீட்டு மாணவர்கள் இதைக் குறிப்பேட்டில் எழுதி வீட்டில் காட்டட்டும்.

11. கிருமிச் சோதனைக் குப்பி

எச்.டூ.எஸ். குப்பியில் நீரை நிரப்பி 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலத்தின் வழியே கலந்த கிருமிகள் இருக்கும் நீர் கறுத்துவிடும். இதை ஆசிரியர் மட்டுமே கையாள வேண்டும். குப்பிக்கு 30 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு வேண்டும். நம் வகுப்பறை மேசையில் வைத்தால் கிருமிகள் பெருகாமல், கெட்ட நீரும் நல்ல நீர்போலத் தோன்றிவிடும். தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் புட்டியோடு வைத்து, காலையும் மாலையும் வெந்நீரை மாற்றி, உள்ளே வெப்பமானி ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டும். வடிந்த நீர், கொதித்து ஆறிய நீர், குழாய் நீர் மூன்றுக்கும் தனித்தனிக் குப்பி வைத்தால் ஒப்பீடு பொருள் தரும். கறுக்காத குப்பி நீர் முழுவதும் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

12. முடித்த பின் செய்ய வேண்டியவை

படிகாரப் படிவை ஓடையில் கொட்டாமல், பள்ளி வளாகத்தில் செடி நடாத ஒரு மூலையில் பரப்பி உலரவிடுங்கள். குப்பிகளில் பிளீச்சிங் கரைசலை ஆசிரியரே நிரப்பி, அரைமணி நேரம் கழித்து அப்புறப்படுத்த வேண்டும். மணலைக் கழுவி வெயிலில் காயவைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

தேர்வுக்குப் படிகளை வரிசைப்படுத்தச் சொல்லும் வினா மனப்பாடத்தையே சோதிக்கும். குளோரினை முதலிலும் வடிகட்டியைக் கடைசியிலும் வைத்த ஒரு நிலையத்தை வரைந்து கொடுத்து, குழாய் முனையில் நீர் எப்படி இருக்கும், எந்த இடத்தில் என்ன கெட்டுப்போனது என்று எழுதச் சொல்லுங்கள். குவளை வரிசையையும் இரண்டு வடிகட்டிகளையும் ஊதா நிறம் மறைந்ததையும் கண்ட மாணவர், தாம் கண்டவற்றைக் காரணமாகக் காட்டியே விடை எழுதிவிடுவார்.